பயணப் படகுக்குப் புதிய பாய்: தைப்பவரைத் தெரிவு செய்ய ஒரு வழிகாட்டி

பயணத்துக்கான பாய்ப்படகு ஒன்றை முதன்முதலாகச் சொந்தமாக்கித் திருகோணமலை உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டு வைத்திருப்பவர், பழைய பாயை மாற்ற வேண்டிய நிலை வரும்போது பெரும்பாலும் விலையைத்தான் முதலில் விசாரிப்பார். ஒரே அளவுள்ள பாய்க்கு மூன்று பட்டறைகள் மூன்று விலைகளைச் சொல்லும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது புதியவருக்கு விளங்குவதில்லை. படகின் எடைக்கும், பாய்மரத்தின் வளைவுக்கும், படகு ஓடப்போகும் கடலுக்கும் ஏற்ப ஒவ்வொரு பாயும் தனியே வரையப்பட்டு, வெட்டப்பட்டு, தைக்கப்படுகிறது. ஆகவே நல்ல பாய் வாங்கும் வேலையின் பெரும்பகுதி, சரியான கேள்விகளைக் கேட்கும் ஒரு பாய் தைப்பவரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அவரை எப்படி அடையாளம் காண்பது, அவருக்கு நாம் எவற்றைக் கொடுக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

பாய்ப்படகு நிறைந்த நாடுகளில் புதியவருக்குச் சொல்லப்படும் வழக்கமான ஆலோசனை, அருகிலுள்ள பட்டறைக்குப் போய்ப் பேசிவிட்டு, அவரையே படகுக்கு அழைத்து அளக்கச் சொல்வது. அந்த வசதி இங்கே நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட கப்பல். கப்பல் கட்டுபவரும் அதை ஓட்டுபவரும் ஒரே கரையில் வாழ்ந்த காலம் அது. இன்று நமக்கும் பாய் தைப்பவருக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு கடல் கிடக்கிறது. தாய்லாந்தின் புக்கெற்றில் உள்ள ரொலி டாஸ்கர் பட்டறை, டென்மார்க்கின் எல்வ்ஸ்ட்ரோம் போன்றவற்றுக்கு மின்னஞ்சல் எழுதித்தான் தொடங்க வேண்டியிருக்கும். நோர்த் செயில்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை நமது நாட்டிலேயே, மினுவாங்கொடையில் இருக்கிறது. ஆனால் அது ஏற்றுமதிக்காகத் தைக்கும் இடம். அந்நிறுவனத்திடம் வாங்க விரும்புபவரும் அதன் விற்பனைக் கிளை ஒன்றின் ஊடாகவே கேட்டுத் தொடங்குவது நல்லது. இவ்வாறு நேரில் காண முடியாத ஒருவரைத் தெரிவு செய்வதால், அவர் எழுத்தில் என்ன சொல்கிறார் என்பதையே நாம் உரைகல்லாகக் கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் பயணத்தை எழுதுங்கள்

எந்தப் பட்டறைக்கும் எழுதுவதற்கு முன், ஒரு தாளில் உங்கள் படகையும் அது செய்யப்போகும் பயணத்தையும் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள். கொட்டியாரக் குடாவுக்குள் ஓடுவதும், நிலாவெளி கடந்து புறாத்தீவு வரை பயணிகளை ஏற்றிச் சென்று மாலையில் திரும்புவதும் மட்டுமே நோக்கம் என்றால் அதற்குத் தேவையான பாய் ஒன்று. மாலைதீவுக்கோ அந்தமானுக்கோ பல நாள் இரவு பகலாக ஓட நினைப்பவருக்குத் தேவையான பாய் வேறொன்று. படகில் எத்தனை பேர் வேலை செய்வார்கள், அவர்களில் பாயைச் சுருக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், பாய் மாதக்கணக்கில் வெயிலில் கட்டியபடியே கிடக்குமா அல்லது கழற்றி உள்ளே வைக்கப்படுமா, பழைய பாயில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன என்பனவற்றையும் சேர்த்து எழுதுங்கள். படகின் நீளத்தை மட்டுமன்றி எடையையும் குறிப்பிடுவது முக்கியம். இரட்டை உடற்படகு காற்றுக்குச் சாய்ந்து கொடுக்காது. ஒற்றை உடற்படகு சாய்ந்து வெளியே விட்டுவிடும் சுமையையும் அதன் பாய் தாங்க வேண்டியிருப்பதால், அதற்குக் கூடுதல் பலமான துணி தேவைப்படுகிறது.

காற்றைப் பற்றியும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்குச் சோளகக் காலத்தில் நமது கரையில் தரைப்பக்கத்திலிருந்து வீசும் கச்சான் எவ்வளவு சூடும் வறட்சியும் உடையது, காலையில் அடங்கிக் கிடந்த கடலில் அது எவ்வாறு எழும்பும், வாடைக் காற்றுக் காலத்தில் மழையும் அலையும் எப்படி வரும் என்பவை தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தத் தகவலை வாசித்தபின் அவர் துணியைப் பற்றியோ தையலைப் பற்றியோ தன் ஆலோசனையை மாற்றுகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

ஒரே கடிதம், மூன்று பட்டறைகள்

அந்தத் தாளில் உள்ளதையே ஒரு சொல்லும் மாற்றாமல் குறைந்தது மூன்று பட்டறைகளுக்கு அனுப்பி விலைமனுக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விதமாக எழுதினால் பதில்களை ஒப்பிட முடியாமற் போய்விடும். வந்த பதில்களில் விலையைப் பார்ப்பதற்கு முன், உங்களிடம் திரும்பி என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். என் கணிப்பில் இந்த முழு வேலையிலும் அதிகம் சொல்லும் அடையாளம் இதுதான்.

படகின் மாதிரிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உடனே ஒரு விலையை எழுதி, முன்பணம் அனுப்பும் வங்கி விவரத்தையும் இணைத்துவிடுபவரிடம் அவதானமாக இருங்கள். ஒரே மாதிரிப் பெயருடைய படகுகளில் உயரம் கூடிய பாய்மரமும் குறைந்த பாய்மரமும் இருக்கலாம். முந்தைய உரிமையாளர் பாய்மரத்தையோ, பாய்மரத்துக்கு முன்னே ஏறும் முன்பாயைச் சுருட்டி வைக்கும் ஃபர்லரையோ மாற்றியிருக்கலாம். நல்ல தையற்காரர் இவற்றைக் கேட்பார். பாயின் விளிம்பு ஓடும் பாய்மரப் பள்ளம் எவ்வளவு அகலம், முன்பாயை இழுத்துக் கட்டும் தாமான் கயிறு ஓடும் தடம் தளத்தில் எங்கே இருக்கிறது, பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் என்ற கிடைமரத்துக்குக் கீழே வெயில் மறைப்புக் கூரை இருக்கிறதா, ரேடார் பாய்மரத்தின் முன்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று விசாரிப்பார். நீங்கள் கேட்ட பாய் உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது என்று தோன்றினால் அதையும் வெளிப்படையாகச் சொல்வார். மிகப் பெரிய முன்பாயைக் கேட்டவருக்கு, அதைவிடச் சிறியதொன்றைத் தைத்தால் காற்று எழும்பும்போது பாதி சுருட்டினாலும் வடிவம் கெடாமல் ஓடும் என்று எழுதி, அதனால் தன் விலையையும் குறைத்துக்கொள்பவர் உங்கள் படகை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

அவர் ஏற்கெனவே பாய் தைத்துக் கொடுத்த படகுகளின் உரிமையாளர்களோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள். வாடைக் காலத்தின் பிற்பகுதியில் மலேசியா, தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் திருகோணமலையில் தரித்துச் செல்வதுண்டு. அவர்களின் பாய்களின் மூலையில் பட்டறையின் சின்னம் தைக்கப்பட்டிருக்கும். எந்த ஆண்டு தைத்தது, இதுவரை எங்கெல்லாம் ஓடியது, எந்தத் தையல் முதலில் விட்டது, புகார் எழுதியபோது பட்டறை என்ன செய்தது என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானோர் பாயை விரித்தே காட்டுவார்கள். வெப்ப வலயத்தில் சில ஆண்டுகள் ஓடிய ஒரு பாயைக் கையால் தொட்டுப் பார்ப்பது எந்த விளம்பரத்தாளையும்விட உதவும்.

துணி

பயணப் படகுக்கு, அதிலும் நமது வெயிலுக்கும் ஈரத்துக்கும், டாக்ரோன் என்று அழைக்கப்படும் நெய்த பொலியெஸ்டர் துணியையே புதியவருக்கு நான் சிபாரிசு செய்வேன். படலங்களை ஒட்டிச் செய்யும் லமினேற் துணி எடை குறைந்தது, வடிவத்தை நன்றாகக் காக்கும். ஆனால் ஈரமாகச் சுருட்டி வைத்தால் அடுக்குகளுக்கிடையில் பூஞ்சணம் பிடிப்பதும், காலப்போக்கில் அடுக்குகள் பிரிவதும் வெப்ப நாடுகளில் நன்கு தெரிந்த குறைகள். டாக்ரோன் பாயில் துணிப்பட்டிகளைப் பின்விளிம்புக்குக் குறுக்காக வைத்துத் தைக்கும் எளிய வெட்டு, ஊடு நூல்களைச் சுமையின் திசையிலேயே நிறுத்துகிறது; விலையும் குறைவு, பின்னர் திருத்துவதும் எளிது. மூலைகளிலிருந்து விரியும் கதிர் வெட்டுக்கு அதற்கென நெய்த துணி வேண்டும் என்பதால், அதைப் பரிந்துரைப்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள்.

விலைமனுவில் “உயர்தர டாக்ரோன்” என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. துணியை நெய்த நிறுவனம், துணியின் வகைப்பெயர், எடை ஆகிய மூன்றும் எழுத்தில் வர வேண்டும். சலஞ்ச், டைமென்ஷன் பொலியன்ற், கொன்ரென்டர் ஆகியவை பாய்த்துணி நெய்வதில் பெயர் பெற்றவை; இவை ஒவ்வொன்றும் பல தரங்களில் துணி நெய்வதால் நிறுவனத்தின் பெயர் மட்டும் தரத்துக்குச் சாட்சியாகாது. எடையைச் சிலர் பாய் தைப்பவரின் அவுன்ஸில் சொல்வார்கள்; அந்த ஓர் அவுன்ஸ் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 43 கிராம் என்று கணக்கிட்டு எல்லா விலைமனுக்களையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 11 மீற்றர் நீளமான ஒற்றை உடற்படகில் பாய்மரத்தின் பின்னே ஏறும் பெரும்பாய்க்குச் சதுர மீற்றருக்கு 300 முதல் 350 கிராம் வரையான துணி பொதுவாகப் பேசப்படும்.

துணியின் மாதிரித் துண்டொன்றைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பயணத் துணி நெருக்கமாக நெய்யப்பட்டு, பசை குறைவாக இருக்கும். மலிவான துணி தளர்வாக நெய்யப்பட்டு, பசையால் விறைப்பூட்டப்பட்டிருக்கும். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மாதிரியை மூலைவிட்டமாக இழுத்துப் பாருங்கள். பிறகு இரு கைகளாலும் பலமுறை கசக்கி, மறுபடியும் அதே திசையில் இழுத்துப் பாருங்கள். இரண்டாவது தடவை கூடுதலாக இழுபட்டால், அதன் பலம் பசையில் இருந்திருக்கிறது. காற்றில் படபடத்து அடிபடும்போது அந்தப் பசை நொறுங்கிவிடும். பாயின் வயிறு, அதாவது காற்றில் உப்பி நிற்கும் பகுதி, பின்னோக்கிப் போய், படகு காற்றுக்கு எதிராக ஏறுவதை விட்டுப் பக்கவாட்டில் சாயத் தொடங்கும்.

வெயிலும் தையலும்

ஏறத்தாழ எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருக்கும் நமது துறைமுகத்தில் பாயின் முதல் எதிரி புயலன்று, வெயில். அதிலும் துணிக்கு முன்னர் நூல் அழிகிறது. ஏனெனில் விறைப்பான பாய்த்துணிக்குள் தையல் அமிழாமல் மேலெழுந்து நின்று, வெயிலையும் உராய்வையும் நேராக வாங்குகிறது. ஆகவே எந்த நூல், எத்தனை வரிசை, எந்தத் தையல் என்பவற்றைக் கட்டாயம் கேளுங்கள். பயணப் பாயின் முக்கிய இணைப்புகளில் மூன்று குத்து வளைதையல் குறைந்தது இரண்டு வரிசை இருக்க வேண்டும். பெரிய பாயாயின் மூன்றாவது வரிசையும் கேட்கலாம். கோர் நிறுவனத்தின் டெனாரா போன்ற பீ.ரீ.எஃப்.ஈ நூல் வெயிலில் நைந்துபோவதில்லை. அதன் விலை மிக அதிகம் என்பதால் முழுப் பாயையும் அதனால் தைப்பிக்க முடியாவிட்டாலும், முன்பாயின் வெயில் மறைப்புப் பட்டியையாவது அதனால் தைத்துத் தரும்படி கேட்பது நமது ஊரில் பணத்துக்கு ஏற்ற செலவு.

அந்த மறைப்புப் பட்டியைப் பற்றி ஒரு சொல். முன்பாயைச் சுருட்டி வைத்தபின் வெளியே தெரியும் பின்விளிம்பையும் அடிவிளிம்பையும் மூடித் தைக்கும் துணி அது. பந்தயப் படகுக்கு மெல்லிய பட்டி தைப்பார்கள். இங்கே நாள் முழுதும் வெயிலில் நிற்கும் படகுக்குத் தடித்த அக்ரிலிக் துணிதான் பொருத்தம். உங்கள் ஃபர்லர் எந்தப் பக்கமாகச் சுருட்டுகிறது என்பதைப் பார்த்து, பட்டி பாயின் இடப்பக்கத்தில் வர வேண்டுமா வலப்பக்கத்தில் வர வேண்டுமா என்பதை எழுத்தில் கொடுங்கள். தவறான பக்கத்தில் தைத்த பட்டி, சுருட்டும்போது உள்ளே மறைந்து, பாதுகாக்க வேண்டிய துணியை வெளியே விட்டுவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலைகளில் எத்தனை அடுக்குத் துணி வைக்கிறார்கள், பாய்மரத்தின் குறுக்குக் கைகள் உரசும் இடத்தில் தேய்மானத் துண்டு உண்டா, பின்விளிம்புக்குள் ஓடும் மெல்லிய கயிற்றைத் தளத்தில் நின்றே இறுக்க முடியுமா, முன்பாயின் முன்விளிம்பில் பாதி சுருட்டும்போது வயிற்றைக் குறைக்கும் மென்திண்டு இருக்கிறதா என்பன எல்லா விலைமனுவிலும் இருக்க வேண்டும். கடற்பயணம் போகும் பெரும்பாய்க்கு, காற்று மிகும்போது பாயைச் சிறிதாக்கிக் கட்டும் சுருக்கு வரிசைகள் இரண்டு போதாது, மூன்றாவதும் ஆழமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாயின் குறுக்கே பைகளில் செருகும் முழு நீளச் சட்டங்கள் பாய் படபடப்பதைக் குறைத்து ஆயுளைக் கூட்டும். ஆனால் அவற்றைத் தாங்கி ஓடும் உருளைகளுக்குத் தனிச் செலவு உண்டு, பின்காற்றில் ஓடும்போது சட்டப் பைகள் பக்கக் கம்பிகளில் உரசித் தேயும். இந்த உருப்படிகளில் சில ஒரு விலைமனுவில் உள்ளடங்கியும் இன்னொன்றில் விடுபட்டும் இருப்பதால்தான் விலைகள் அவ்வளவு தூரம் வேறுபடுகின்றன.

அளத்தல்

தையற்காரர் படகுக்கு வர முடியாதபோது அளக்கும் பொறுப்பு உங்களுடையதாகிறது. அளவைக் கொடுத்தவரே பிழைக்கும் பொறுப்பு என்பது பெரும்பாலான பட்டறைகளின் வழக்கம். எனவே பணம் அனுப்புவதற்கு முன் அவரது நிலைப்பாட்டை எழுத்தில் கேட்டுவிடுங்கள். தமக்கென ஓர் அளவுப் படிவமும் விளக்கப்படமும் வைத்திருந்து, நீங்கள் நிரப்பிய எண்களை அதே மாதிரிப் படகுகளின் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஒவ்வாதவற்றை மறுபடியும் அளக்கச் சொல்லும் பட்டறைக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பு உண்டு.

பழைய பாயைக் கரையில் விரித்து அளந்து அனுப்புவது போதாது. அது இழுபட்டு நீண்டிருக்கும். தொடக்கத்திலேயே தவறாக வெட்டப்பட்டதாகவும் இருக்கலாம். அதன் அளவைத் துணைத் தகவலாக மட்டும் கொடுங்கள். உண்மையான அளவு பாய்மரத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். காற்று எழும்பாத அதிகாலையில், பாய்மரக் கம்பிகள் ஓடும்போது இருக்கும் இறுக்கத்தில் இருக்க, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றின் முனையில் உருக்கு அளவுநாடாவைக் கட்டுங்கள். அதைத் திரும்ப இறக்குவதற்கு இன்னொரு மெல்லிய கயிற்றையும் சேர்த்துக் கட்ட மறவாதீர்கள். பாய் ஏறக்கூடிய உச்சிவரை நாடாவை ஏற்றி, பூமில் முன்மூலையைப் பூட்டும் ஆணிவரை அளந்தால் முன்விளிம்பின் உச்ச அளவு கிடைக்கும். பாய்மரத்தின் பின்முகத்திலிருந்து பூமின் வெளிமுனை வரை அடிவிளிம்பு. அந்த ஆணி பாய்மரத்திலிருந்து எவ்வளவு பின்னே, பூமின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்ற சிறிய அளவுகளைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவை பிழைத்தால் பாயின் முன்மூலையில் எப்போதும் மடிப்பு விழும்.

பாய்மரம் வளைந்திருந்தால், ஆஞ்சானை உச்சியிலிருந்து பூம் பொருந்தும் இடம்வரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, நடுவில் கயிற்றுக்கும் பாய்மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பின்கம்பி எங்கே வருகிறது, வெயில் மறைப்புக் கூரைக்கு மேலே பூம் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பனவும் தேவை. பாய்மரப் பள்ளத்தில் ஓடும் பழைய வழுக்கிகளில் ஒன்றைக் கழற்றித் தபாலில் அனுப்புவது, அதை விவரித்து எழுதுவதைவிடப் பாதுகாப்பானது. முன்பாய்க்கு, ஃபர்லரின் கீழ்ப்பூட்டிலிருந்து மேற்சுழலி ஏறக்கூடிய உச்சிவரையான நீளம், பள்ளத்தில் நுழையும் விளிம்பு நாடாவின் தடிப்பு, தாமான் தடத்தின் முன்முனையும் பின்முனையும் கீழ்ப்பூட்டிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றைக் கொடுங்கள். எல்லாவற்றையும் மில்லிமீற்றரில், இரண்டு பேர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டு, ஒவ்வோர் அளவுக்கும் நாடா தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள்.

பணம், காலம், சுங்கம்

வட அரைக்கோளத்துப் பட்டறைகளுக்கு வசந்தகாலம் மிக நெருக்கடியானது. செப்டெம்பர் முதல் நவம்பர் வரை வேலை குறையும்போது பல பட்டறைகள் விலைக்கழிவு தருகின்றன. நமக்கு இது நன்றாக ஒத்துவருகிறது. கிழக்குக் கடல் அடங்கி ஓட்டம் தொடங்குவது ஏப்ரல் அளவில் என்பதால், வாடை தொடங்கும்போது ஓடர் கொடுத்தால், தைப்பதற்கும் அனுப்புவதற்கும் சுங்கத்தில் விடுவிப்பதற்கும் போதிய காலம் இருக்கும். தொகையில் ஒரு பங்கை, பெரும்பாலும் பாதியை, முன்பணமாகக் கேட்பது வழமை. முன்பணம் அனுப்புமுன், இறுதி வரைபடத்தைப் பார்த்து நீங்கள் ஒப்புதல் தந்தபின்னரே துணி வெட்டப்படும் என்பதை எழுதி வாங்குங்கள்.

சர்வதேசச் சுங்க வகைப்பாட்டில் 6306 என்ற தலைப்பின் கீழ் படங்கு, கூடாரம், படகுப் பாய் எல்லாம் ஒன்றாக வருகின்றன. பாய்க்குரிய துணைத்தலைப்பு 6306.30. இன்வொய்ஸில் இந்த எண்ணையும் “பாய்ப்படகுக்கான பாய்” என்ற விவரத்தையும் பட்டறையே எழுதும்படி கேளுங்கள். வெறுமனே பொலியெஸ்டர் துணி என்று எழுதிவிட்டால் வகைப்படுத்துவதில் தாமதம் ஏற்படும். வரிவீதம் மாறக்கூடியது என்பதால், ஓடருக்கு முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் அன்றைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று விலைமனுக்களையும் ஒப்பிடும்போது அனுப்புசெலவும் வரியும் சேர்ந்த, திருகோணமலையில் கைக்கு வந்து சேரும் தொகையையே ஒப்பிட வேண்டும்.

பாய் வந்தபின்

பெட்டியைத் திறந்தவுடன் ஒப்புதல் தந்த விவரத்தாளை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிறகு உட்துறைமுகத்துக்குள், இலேசான காலைக் காற்றில் பாயை ஏற்றுங்கள். சுருக்கு வரிசைகள் மூன்றையும் அன்றே கட்டிப் பாருங்கள். கயிறு எட்டாத குறை துறைமுகத்தில் தெரிந்தால் நல்லது. பூமின் நடுவில் படுத்து மேல்நோக்கி ஒரு படமும், முன்பாயின் அடிவிளிம்பின் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு படமும் எடுத்து, காற்றின் வேகத்தைக் குறித்துப் பட்டறைக்கு அனுப்புங்கள். பாயின் வயிறு எங்கே இருக்கிறது, பின்விளிம்பு துடிக்கிறதா என்பதை அவர்கள் அந்தப் படங்களிலிருந்தே வாசிப்பார்கள். திருத்தம் தேவைப்பட்டால் அனுப்புசெலவு யாருடையது, எத்தனை மாதங்களுக்குள் கேட்க வேண்டும் என்பன முன்னரே எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

சிறு பழுதுகளுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. படங்கும் வாகன இருக்கை உறையும் தைக்கும் கடைக்காரர்களிடம் தடித்த துணி தைக்கும் இயந்திரம் இருக்கும். வெயில் தாங்கும் நூலையும் பாய்த்துணித் துண்டுகளையும் நீங்கள் கொடுத்தால், விட்டுப்போன மறைப்புப் பட்டியை அவர்கள் மறுபடியும் தைத்துத் தருவார்கள். பாயின் வடிவத்தைத் தொடும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். இந்தச் சிறு பழுதுகளுக்காக, புதிய பாய்க்கு ஓடர் கொடுக்கும்போதே அதே துணியில் சில துண்டுகளும், ஒட்டும் திருத்தத் துணியும், அதே நூலில் ஓர் உருளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

வாடைக் காலத்தில் படகு ஓடாமல் நிற்குமாயின், இரண்டு பாய்களையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அத்தகைய காற்றில் ஃபர்லரில் சுருட்டிவிட்ட முன்பாய் அவிழ்ந்தால் பாயோடு பாய்மரத்துக்கும் ஆபத்து. கழற்றி வைக்கும் நாளிலேயே தையல்களை நகத்தால் கீறிப் பார்த்து, நூல் உதிரும் இடங்களைப் பென்சிலால் குறித்து, ஏப்ரலுக்கு முன் தைப்பித்துவிடுங்கள்.